அருங்காட்சியகத்தில் ஒருவரை உருவப்படம் எடுப்பது எப்படி: எழும்பூர் வெண்கலக் கூடத்தை முன்வைத்து

அருங்காட்சியகத்தில் எரியும் விளக்குகளில் ஒன்றுகூடப் பார்க்க வருபவரின் முகத்துக்காகப் பொருத்தப்பட்டதில்லை. சிலையின் தோள்வளைவு தெரிய வேண்டும், ஓவியத்தின் வண்ணம் மங்காமல் இருக்க வேண்டும், பெயர்ப்பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்ற கணக்கில்தான் அவை வைக்கப்படுகின்றன. அந்த விளக்குகளுக்கு நடுவே ஒருவரைச் சிலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, நாம் நான்கடி பின்னால் போய்ப் படமெடுத்தால், நெற்றியும் மூக்கு நுனியும் மின்னி, கண்குழிகள் இரண்டும் கறுத்துப்போன முகம்தான் கிடைக்கும். ஆகவே இங்கே வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கூடத்துக்குள் முகத்துக்கு ஏற்ற ஒளி எங்கே சிந்துகிறது என்று முதலில் தேட வேண்டும். அடுத்து ஆளை அங்கே நிறுத்த வேண்டும். பின்னணியில் எந்தச் சிலை வர வேண்டும் என்ற முடிவு அதற்குப் பிறகுதான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை, குறிப்பாக அதன் வெண்கலக் கூடத்தை, மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. 1851-இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே பாந்தியன் சாலைக்கு இடம் மாறிய இந்த வளாகத்தில், கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு, அமராவதியின் வெளிறிய சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் உண்டு, வெளியே இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலைகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடங்களின் வளைவுகளும் உண்டு. உருவப்படம் எடுப்பவருக்கு ஓர் அருங்காட்சியகத்தில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இங்கே ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அனுமதியும் நேரமும்

கேமரா கொண்டுபோவதற்கு நுழைவுச்சீட்டோடு தனிக் கட்டணம் உண்டு. வாங்கிய சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள், ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் கேட்கக்கூடும். வெள்ளிக்கிழமை விடுமுறை. சொந்தத்துக்காக எடுக்கும் படத்துக்கு அந்தச் சீட்டு போதும். ஆனால் அரங்கேற்ற அழைப்பிதழுக்காக நாட்டிய மாணவியை அலங்காரத்தோடு அழைத்துவந்து எடுப்பது, திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, ஆடை விளம்பரம் ஆகியவை எல்லாம் வேறு வகை. இவற்றுக்கு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். முக்காலி, விளக்குத் தண்டு, குடை போன்றவற்றைக் கேட்காமல் உள்ளே எடுத்துச்செல்ல முயல வேண்டாம். காவலரிடம் வாசலிலேயே, ‘இன்னாரைப் படமெடுக்க வந்திருக்கிறோம், ஃபிளாஷ் போட மாட்டோம்’ என்று சொல்லிவிட்டுப் போவது, பிறகு நடுவில் நின்று விளக்கம் சொல்லும் வேலையை மிச்சப்படுத்தும்.

வார நாளில் காலை 9.30-க்குத் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. பள்ளிக் குழுக்கள் வரத் தொடங்கிய பிறகு பேழைகளின் கண்ணாடியில் சீருடைகளின் நிறமே நிறைந்திருக்கும். முதல் கால் மணி நேரம் கேமராவை வெளியே எடுக்காமல், படமெடுக்கப்போகிறவரோடு கூடத்தைச் சுற்றிப் பார்ப்பது வீண்போகாது. எந்தப் பேழையின் விளக்கு எங்கே சிந்துகிறது என்று நீங்கள் கவனித்துக்கொள்ளலாம். அவருக்கும் அந்த இடம் பழகிவிடும்.

ஃபிளாஷை ஏன் மறந்துவிட வேண்டும்

ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. ஒருமுறை வெளுத்த சாயம் திரும்ப வராது. அதனால்தான் துணி, தாள், நீர்வண்ண ஓவியம் போன்றவை இருக்கும் கூடங்களில் 50 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவிலும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவிலும் விளக்கை அடக்கிவைப்பது உலகெங்கும் வழக்கம். வெண்கலத்துக்கும் கருங்கல்லுக்கும் ஃபிளாஷ் ஒளியால் கேடு எதுவும் இல்லை என்று வாதிடலாம். வாதம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எந்தக் கூடத்தில் எது தாங்கும் என்று ஒவ்வொரு பார்வையாளரோடும் காவலர் விவாதிக்க முடியாது என்பதால் விதி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது. விதியே இல்லாவிட்டாலும் இங்கே ஃபிளாஷ் பயன்படாது என்பது என் கருத்து: பேழையின் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், முகம் தட்டையாகும், சிலையின் மேல் மேலிருந்து விழும் ஒளியால் உண்டான வளைவுகள் அத்தனையும் அழிந்துபோகும். கைபேசியில் ஃபிளாஷ் தானாக எரியும் அமைப்பை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். கேமராவில் குவியத்துக்காக (ஃபோகஸ்) எரியும் சிறு ஆரஞ்சு விளக்கையும் அணைத்துவிடுவது நல்லது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

லென்ஸும் அளவுகளும்

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் போதும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடுதல் ஒளியை உள்ளே விடும்). பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் அது ஆளையும் சூழலையும் சேர்த்துக் காட்டும், சிறிய சென்சார் கொண்ட கேமராவில் ஏறத்தாழ 75 அல்லது 80 மி.மீ. போல நெருங்கிய உருவப்படத்துக்குப் பொருந்தும். 85 மி.மீ. லென்ஸ் அழகுதான், ஆனால் பேழைகளுக்கு நடுவே பின்னால் போக இடம் இருக்காது. கூடவே, அந்த லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர்தான். முகத்தைச் சற்றுத் திருப்பினாலே ஒரு கண் தெளிந்து மறு கண் குழம்பிவிடும். அகலக்கோண லென்ஸை முழுக் கூடத்தையும் காட்டும் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் முகத்தை அது இழுத்துக் கோணலாக்கிவிடும்.

ஷட்டர் வேகத்தை 1/100 வினாடியில் வைத்து அதை மாற்றாமல் இருப்பதே எளிய வழி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகளும் குழல்விளக்குகளும் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன; 1/100 அல்லது 1/50 வினாடியில் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்புகளே பதிவாகும். 1/250, 1/500 என்று போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், நிறமும் மாறும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கோடுகோடாகப் பட்டைகள் விழக்கூடும். முதலிலேயே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். பட்டை தெரிந்தால், ஓசை வந்தாலும் பரவாயில்லை என்று இயந்திர ஷட்டருக்கு மாறிவிட வேண்டியதுதான்.

50 லக்ஸ் ஒளியில் எஃப் 2, 1/100 வினாடி என்று வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) சுமார் 2000 வேண்டியிருக்கும். முகத்தில் விழுவது சிலைமேல் விழுவதில் பாதியோ அதற்கும் குறைவோதான் என்பதால், 3200 அல்லது 4000 வரை போக மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ கூடினால் வரும் புள்ளிகளைப் பின்னர் மென்பொருளில் குறைக்கலாம். கை அசைந்ததால் குழம்பிய கண்ணை எதனாலும் மீட்க முடியாது. கோப்பை ஜேபெக்காக மட்டும் இல்லாமல், சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும் ரா வடிவத்திலும் பதிவு செய்யுங்கள்.

கேமராவின் ஒளியளவியை இந்த இடத்தில் அப்படியே நம்பிவிடக் கூடாது. இருண்ட சுவரும் கறுத்த வெண்கலமும் சட்டம் முழுக்க இருக்கும்போது, காட்சி முழுவதும் இருட்டாக இருப்பதாகக் கேமரா எண்ணிக்கொண்டு முகத்தை வெளுத்துக் காட்டும். அங்கே முக்கால் அல்லது ஒரு நிறுத்தம் (ஸ்டாப்: ஒளியளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும் ஒரு படி) குறைத்து எடுக்க வேண்டும். அமராவதிச் சிற்பங்கள் போன்ற வெளிறிய கல்லோ வெள்ளைச் சுவரோ பின்னால் இருந்தால் தலைகீழாக நடக்கும். அங்கே அதே அளவு கூட்ட வேண்டும். மாநிறம் அல்லது கறுத்த நிறமுள்ளவரை எடுக்கும்போது, கன்னத்தின் மேல் விழும் மினுக்கம் முழுக்க வெளுத்துப்போகாமல் இருப்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் இருக்கும் பக்கத்தை வலிந்து வெளிச்சமாக்கினால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். அந்த நிறத்தின் செழுமை நிழலில்தான் இருக்கிறது.

குவியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைக் கண்டறிந்து தானாகக் குவியும் புதிய கேமராக்கள், சோழர் காலச் சிற்பியின் திறமைக்குத் தங்களை அறியாமலேயே சான்றிதழ் கொடுத்துவிடுகின்றன. பார்வதியின் முகத்தை உயிருள்ள முகமாகவே எடுத்துக்கொண்டு, முன்னால் நிற்பவரை விட்டுவிட்டு அவளிடம் போய்க் குவியும். அந்த அமைப்பை அணைத்து, ஒற்றைப் புள்ளிக் குவியத்தை உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள்.

ஒளி சிந்தும் இடம்

பேழைக்குள் எரியும் விளக்கு கண்ணாடி வழியாக வெளியே சிந்துகிறது. சிலையைப் பார்க்கும் ஒருவர் பேழையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் நிற்கும்போது அந்த ஒளி அவர் முகத்தில் முன்பக்கமாகவோ சற்றுக் கீழிருந்தோ விழும். பேழையின் உள்ளே இருக்கும் வெளிர்நிறத் தளம் அதைத் திருப்பி அனுப்பி மென்மையாக்கும். வெண்கலக் கூடத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த முக ஒளி இதுதான். ஆகவே ஆளைச் சிலைக்கு முதுகு காட்டிக் கேமராவைப் பார்க்கவைப்பதை விட, பேழையைப் பார்க்கவைத்துவிட்டு நீங்கள் பக்கவாட்டில், பேழையின் ஓரத்துக்கு நெருக்கமாக வந்துவிடுங்கள். முகத்தின் முக்கால் பகுதி தெரியும்படி தலையை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னால், அருகிலிருக்கும் கண்ணில் பேழையின் வெளிச்சம் ஒரு சிறு கோடாக மின்னும். அந்தக் கோடு தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது இல்லாத கண் படத்தில் உயிரற்றுப் போகும்.

கேமராவைப் பார்க்கும் படமும் வேண்டும் என்றால், உச்சிவிளக்குக்கு நேர் கீழே யாரையும் நிறுத்த வேண்டாம். விளக்கிலிருந்து ஓரடி, ஒன்றரையடி பின்வாங்கி, விளக்கு அவருக்கு முன்னால் இருக்கும்படி நிற்கச் செய்து, தாடையைச் சற்றே உயர்த்தச் சொல்லுங்கள். கண்குழிக்குள் ஒளி நுழைந்துவிடும். கையில் ஒரு வெள்ளைத் தாளோ, வெள்ளை அட்டை போட்ட குறிப்பேடோ இருந்தால், அதை மார்பு உயரத்தில், படத்துக்குள் வராதபடி அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். தாடைக்குக் கீழுள்ள நிழல் பாதியாகக் குறையும். தனியாகப் பிரதிபலிப்புத் தட்டு கொண்டுபோனால் காவலர் கண்ணில் படும், குறிப்பேடு படாது.

நிறம் இன்னொரு தொல்லை. சன்னலில் இருந்து வரும் பகல் ஒளி நீலம் கலந்து 5500 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அருகில் இருக்கும். உள்ளே மஞ்சள் சாய்ந்த விளக்குகள் 3000 கெல்வின் அளவில் எரியும். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும், மென்பொருளில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். எனவே முகத்துக்கு ஏதேனும் ஓர் ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றது பின்னணியில் விழும்படி ஆளைத் திருப்பிக்கொள்ளுங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல், முகம் இருக்கும் இடத்தில் அதே வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்து அதற்கேற்ப அமைத்துக்கொள்வது உத்தமம். வெண்கலத்தின் பச்சை கலந்த கறுப்பும் சரியான நிறத்தில் வரும்.

கண்ணாடி

பேழைக்கண்ணாடியில் உங்கள் சட்டைதான் முதலில் தெரியும். கறுப்பு அல்லது கருநீலச் சட்டை அணிந்து போங்கள். இதைவிட மலிவான உபகரணம் இந்த வேலைக்கு இல்லை. கண்ணாடிக்கு நேராக நிற்காமல் சாய்வாக நின்றால், அதில் தெரிவது நீங்களாக இல்லாமல் பக்கச்சுவராக இருக்கும். அந்தச் சுவர் இருட்டாக இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி, கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து பார்க்கும்போதுதான் முழுமையாக வேலை செய்யும். நேருக்கு நேர் நின்றால் அதனால் பயனில்லை. மேலும் அது ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தம் ஒளியைத் தின்றுவிடும் என்பதால், இந்த மங்கலான கூடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரதிபலிப்பை எப்போதும் பகையாகவே நினைக்க வேண்டியதில்லை. பேழைக்குள் சிலையும், கண்ணாடியின் மேல் பார்ப்பவரின் முகமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும் படம் இந்தக் கூடத்தில் மட்டுமே கிடைக்கும் வகை. பார்ப்பவரின் முகத்தில் ஒளி போதிய அளவு விழ வேண்டும், சிலையின் இருண்ட பகுதி அந்த முகத்துக்குப் பின்னால் அமைய வேண்டும். குவியத்தைக் கண்ணாடியின் மேல் வைக்கக் கூடாது, பிரதிபலித்த முகத்தின் கண்ணில் வைக்க வேண்டும். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் இருப்பதாகவே கேமரா எடுத்துக்கொள்ளும்.

சிலையும் ஆளும்

ஆள் உங்களிடமிருந்து இரண்டு மீட்டரிலும் சிலை அதற்குப் பின் ஒன்றரை மீட்டரிலும் இருக்கும்போது, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 அல்லது 2.8 வைத்தால் சிலை மென்மையாக விலகினாலும் இன்னதென்று அடையாளம் தெரியும். பின்னணியை முழுக்கக் கரைத்துவிட்டால் படத்தை எந்தக் கடையின் முன்னாலும் எடுத்திருக்கலாமே என்ற கேள்வி வரும். நடராசரின் கைகள் முன்னால் நிற்பவரின் தோளிலிருந்து முளைத்ததுபோல் வராமலும், சிலையைச் சுற்றியுள்ள வளையமான திருவாசி அவர் தலைக்குக் கிரீடம் சூட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவை ஒரு சாண் இடமோ வலமோ நகர்த்தினாலே போதும். திருமேனி உயரத்தில் இருக்கும், ஆள் தாழ்வாக நிற்பார் என்பதால், கேமராவை மார்பு உயரத்துக்கு இறக்கி எடுத்தால் இரண்டு தலைகளும் சட்டத்துக்குள் சமமாக அமரும்.

எந்தக் கோணம் என்பதில் அவசரப்பட வேண்டாம். பிரான்சின் சிற்பி ரோதின், சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் திருமேனிகளை நேரில் பார்த்ததே இல்லை. ஒளிப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வோர் அங்கமாக, ஒவ்வொரு கோணமாக வியந்து 1913-இல் எழுதினார், அது 1921-இல் அச்சேறியது. ஒரே திருமேனியைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. நேர் முன்பக்கம் எல்லோரும் எடுப்பது. பக்கவாட்டில் நின்று, தூக்கிய திருவடியின் வளைவு முன்னால் நிற்பவரின் தோள்கோட்டுக்கு இணையாக வருமாறு எடுத்துப் பாருங்கள்.

நாட்டியம் ஆடுபவர் என்றால் சிலையின் நிலையையே பக்கத்தில் நின்று காட்டச் சொல்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தேர்ந்தவர் செய்தாலும் பெரும்பாலும் அது போட்டிபோல் அமைந்துவிடுகிறது, வெல்வது வெண்கலம். கைமுத்திரை ஒன்றை மட்டும், அதுவும் சிலையைப் பார்த்துக்கொண்டே தன்னையறியாமல் செய்வதுபோல் செய்யச் சொன்னால் படம் நிற்கும். இன்னொன்று, இங்கே இருப்பவை பலருக்குக் கலைப்பொருள் ஆவதற்கு முன்பே சுவாமி. கைகூப்பி நிற்பவர் அருகில் இருந்தால் அவர் நகரும்வரை காத்திருங்கள். அவரைப் படத்துக்குள் சேர்க்க வேண்டாம்.

பின்னால் நகர்வதில்தான் ஆபத்து அதிகம். 2025 ஜூன் மாதம் ஃபிளாரன்ஸ் நகரின் உஃபிசி காட்சிக்கூடத்தில், ஓவியத்தில் இருக்கும் இளவரசரைப் போலவே நின்று காட்ட முயன்ற ஒரு பார்வையாளர் பின்பக்கமாகத் தடுமாறி அந்த ஓவியத்தின் மேலேயே சாய்ந்து துணியைக் கிழித்துவிட்டார். 2017-இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் பூசணிச் சிற்பங்களில் ஒன்று ஒரு பார்வையாளரால் சேதமானது. முதுகுப்பையைப் பாதுகாப்பறையில் விட்டுவிடுங்கள், அல்லது முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆளையும் ‘கொஞ்சம் பின்னால போங்க’ என்று சொல்லி நகர்த்தாமல், நீங்களே நகருங்கள். பேழையிலும் பீடத்திலும் சாய்வதற்கோ கைவைப்பதற்கோ இடமே கொடுக்கக் கூடாது.

கைபேசியில் எடுப்பவருக்கு

லென்ஸை வேட்டி நுனியிலோ துப்பட்டாவிலோ துடைத்துவிட்டு எடுங்கள். விளக்கைச் சுற்றி வரும் பனிமூட்டத்துக்குப் பெரும்பாலும் விரல்ரேகைதான் காரணம். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை, ஆளின் சுருள்முடிக்கும் பின்னால் இருக்கும் நடராசரின் சடைவிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் வெட்டித் தின்னும், ஆகவே சாதாரண முறையில், முதன்மை லென்ஸில் எடுப்பதே மேல். முகத்தை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டி, பிறகு சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு முறை ஓரிரு வினாடிகள் திறந்திருக்கும் என்பதால், அவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிச் சிலைபோல் நிற்கக்கூடியவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

கூடத்துக்கு வெளியே, வீட்டுக்குத் திரும்பிய பின்

உள்ளே ஒளி ஒத்துழைக்காத நாளில் கட்டடங்களின் வளைவுகளுக்குக் கீழே வந்துவிடலாம். வெயில் நேரடியாகப் படாத, ஆனால் திறந்த வானத்தைப் பார்த்த நிழல் முகத்துக்கு மிக இதமானது. வெயில் பட்ட செங்கல்சுவருக்கு அருகில் மட்டும் நிறுத்த வேண்டாம். அதன் சிவப்பு தாடைக்கும் கழுத்துக்கும் ஏறிவிடும்.

படங்களைத் திருத்தும்போது முகத்துக்கும் சிலைக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுக்கத் தோன்றும். சிலையை அரை நிறுத்தம் தாழ்த்தியே விடுங்கள். புள்ளிகளைக் குறைக்கும் கருவியை முழு வேகத்தில் ஓட்டினால் தோலோடு சேர்த்து உலோகத்தின் தேய்மானமும் மெழுகாகிவிடும்.

தற்காலக் கலைஞரின் தற்காலிகக் கண்காட்சியில் எடுத்த படமானால் வெளியிடும் முன் காப்புரிமையையும் பார்க்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட இடம் தருகிறது. சில வாரங்களுக்கு மாட்டிவைத்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது, அதற்குக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். சோழர் காலத் திருமேனிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்கு வேண்டியது சரியான பெயர்: ஒவ்வொரு சிலையின் முன்னும் எடுத்து முடித்ததும் அதன் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துவிட்டால், படத்தின் கீழே வெறுமனே ‘பழைய சிலை’ என்று போடாமல், ‘அர்த்தநாரீசுவரர், திருவெண்காடு’ என்று ஊரோடு சேர்த்து எழுத முடியும்.